எதில் இருபது சதவீதம்?

வாசகி கேட்டது:

எங்கள் வீட்டில் போன மாதம் 250 யூனிட் மின்சாரம் ஓடியிருந்தது. கொஞ்சம் கவனமாக இருந்து இந்த மாதம் 200க்குக் கொண்டுவந்தேன். மிச்சம் 50 யூனிட். 50ஐ 200ஆல் வகுத்து, 25 சதவீதம் குறைத்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள், "20தான் அம்மா" என்றாள். அதே வாரம் ஒரு துணிக்கடையில் '20 சதவீதம் தள்ளுபடி, அதற்கு மேல் இன்னொரு 20 சதவீதம்' என்று போட்டிருந்தார்கள். 40 சதவீதம் குறையும் என்று நம்பி வாங்கினேன். பில்லைப் பார்த்தால் 36தான் குறைந்திருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? சூத்திரம் தேடினால் கிடைக்கிறது. எந்த இடத்தில் எதை எதால் வகுப்பது என்பதில்தான் தடுமாறுகிறேன். இதே வேகத்தில் மாதாமாதம் குறைத்துக்கொண்டே போனால், 250இல் பாதிக்கு வர எத்தனை மாதம் ஆகும் என்பதையும் சொல்லுங்கள்.

கணக்கு ஆசிரியரின் பதில்:

உங்கள் மகள் சொன்னது சரி. கடைக்காரரும் ஏமாற்றவில்லை. இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிட்டால் வீட்டில் சமாதானம் வந்துவிடும். அப்புறம் நிதானமாகப் பேசலாம்.

உங்களுக்கு வகுத்தல் நன்றாகவே வருகிறது. 50ஐ 200ஆல் வகுத்தால் கால் பங்கு என்பதில் பிழை ஏதும் இல்லை. பிழை அதற்கு ஒரு படி முன்னாலேயே நடந்துவிட்டது. சதவீதம் என்ற சொல்லைக் கேட்டதும் நாம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, "எதில்?" என்பது. நூற்றுக்கு இத்தனை என்றால், அந்த நூறு யார்? நீங்கள் இறங்கத் தொடங்கிய இடம் 250. அதைத்தான் நூறாக வைத்துக்கொள்ள வேண்டும். 50ஐ 250ஆல் வகுத்தால் 0.2, நூறால் பெருக்கினால் 20. குறைவு எப்போதுமே பழைய அளவில் எத்தனை பங்கு என்றுதான் அளக்கப்படுகிறது. வந்து சேர்ந்த இடத்தைக் கொண்டு அளப்பதில்லை.

ஆனால் உங்கள் 25ஐத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது வேறொரு கேள்விக்குச் சரியான பதில். அடுத்த மாதம் அசந்துபோய் மின்சாரச் செலவு 200இலிருந்து மறுபடி 250க்கு ஏறினால், எத்தனை சதவீதம் கூடியது? அதே 50 யூனிட்தான். இப்போது கிளம்பிய இடம் 200. ஆகவே 25 சதவீதம். இறங்கும்போது 20, ஏறும்போது 25. ஒரே படிக்கட்டு, ஒரே படிகள், ஆனால் இரண்டு வெவ்வேறு சதவீதம். இதை விளங்கிக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இந்த ஏற்ற இறக்க வித்தியாசம் சின்ன எண்களில் கண்ணுக்குத் தெரியாது. 10 சதவீதம் குறைந்த ஒன்று பழைய நிலைக்கு வர 11.1 சதவீதம் ஏறினால் போதும். யாரும் கவனிக்க மாட்டார்கள். பாதியாகக் குறைந்தது பழையபடி ஆக வேண்டுமானால் 100 சதவீதம் ஏற வேண்டும். 90 சதவீதம் குறைந்தது மீள 900 சதவீதம் வேண்டும். அமெரிக்கப் பங்குச் சந்தையின் டௌ ஜோன்ஸ் குறியீடு 1929 செப்டம்பர் 3 அன்று 381.17இல் இருந்தது, 1932 ஜூலை 8 அன்று 41.22இல் கிடந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 89.2 சதவீத வீழ்ச்சி. "கிட்டத்தட்ட 89 சதவீதம் விழுந்தது, 89 சதவீதம் ஏறினால் சரியாகிவிடும்" என்று யாராவது நினைத்திருந்தால், 41.22 ஏறி 78இல் வந்து நின்றிருக்கும். பழைய உயரத்தைத் தொட சுமார் 825 சதவீதம் ஏற வேண்டியிருந்தது. அதற்கு 1954 நவம்பர் வரை ஆயிற்று. "போன வருடம் 50 சதவீதம் நட்டம், இந்த வருடம் 50 சதவீதம் லாபம், ஆக மொத்தம் சமம்" என்று யாராவது சொன்னால் தயங்காமல் மறுக்கலாம். 100 போட்டவரிடம் இப்போது 75தான் இருக்கிறது.

சரி, துணிக்கடைக்கு வருவோம். முதல் 20 எதில்? ஒட்டியிருந்த விலையில். இரண்டாவது 20 எதில்? முதல் தள்ளுபடி போக மிஞ்சிய விலையில். அங்கேதான் உங்கள் 4 சதவீதம் போயிற்று. விலை 100 என்று வையுங்கள். முதலில் 20 போய் 80. அந்த 80இல் 20 சதவீதம் 16. மிச்சம் 64. ஆக மொத்தக் குறைவு 36. அடுத்தடுத்து வரும் சதவீதங்களைக் கூட்டக் கூடாது. கூட்டலாம் என்றால், 50 சதவீதத் தள்ளுபடிக்கு மேல் இன்னொரு 50 என்று போட்டால் கடைக்காரர் சும்மா கொடுத்தாக வேண்டும். எந்தக் கடைக்காரரும் அப்படிக் கொடுக்க மாட்டார்.

இங்கே என் வகுப்பில் நான் பிடிவாதமாகச் சொல்வதைச் சொல்கிறேன். போனதைப் பார்க்காதீர்கள், மிஞ்சியதைப் பாருங்கள். 20 சதவீதம் குறைந்தால் மிச்சம் 80, அதாவது 0.8. இரண்டு தடவை குறைந்தால் 0.8 × 0.8 = 0.64. மூன்றாவதாக ஒரு 10 சதவீதம் வந்தால் இன்னொரு 0.9ஆல் பெருக்கல், அவ்வளவுதான். எந்தத் தள்ளுபடி முன்னால், எது பின்னால் என்ற கவலையும் இல்லை. பெருக்கலில் வரிசை மாறினால் விடை மாறாது. போனில் உள்ள கால்குலேட்டரின் சதவீதப் பொத்தானை நான் நம்புவதில்லை. ஒன்றில் '200 − 20%' போட்டால் 160 காட்டும். வேறொன்றில் வேறு மாதிரி எடுத்துக்கொள்ளும். 200 × 0.8 என்று போட்டால் எந்தக் கருவியிலும் 160தான்.

மிஞ்சியதைப் பார்க்கும் பழக்கம் பின்னோக்கிக் கணக்குப் போடும்போது இன்னும் கைகொடுக்கும். 30 சதவீதத் தள்ளுபடி போக 840 கொடுத்தேன், பழைய விலை என்ன? நானே ஒரு முறை கரும்பலகையில் அவசரமாக 840உடன் அதில் 30 சதவீதத்தைச் சேர்த்து 1092 என்று எழுதிவிட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "சார், 1092இல் 30 சதவீதம் கழித்தால் 840 வரவில்லையே" என்றான். வராதுதான், 764 சொச்சம் வரும். அந்த 30 சதவீதம் பழைய விலையில் எடுத்தது. நான் அதைப் புது விலையில் எடுத்துச் சேர்த்துவிட்டேன். 840 என்பது பழைய விலையில் 70 சதவீதம். 840ஐ 0.7ஆல் வகுத்தால் 1200. விடையைத் திருப்பிப் போட்டுச் சரிபார்க்கும் அந்தப் பையனின் பழக்கத்தை உங்கள் மகளுக்கும் சொல்லுங்கள்.

கடைகளில் இன்னும் சில வேடிக்கைகள் உண்டு. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் 50 சதவீதக் குறைவு, அது எல்லோருக்கும் தெரியும். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் மூன்றில் ஒன்று, 33.3 சதவீதம். 'இரண்டாவது பொருள் பாதி விலை' என்பது காதுக்கு 50 மாதிரி ஒலித்தாலும் மொத்தத்தில் 25தான், அதுவும் நமக்கு இரண்டு தேவைப்பட்டால். '25 சதவீதம் கூடுதல் அளவு, விலை அதே' என்பது 25 சதவீத விலைக் குறைப்பு ஆகாது. 100 பங்கின் விலைக்கு 125 பங்கு கிடைக்கிறது, ஒரு பங்கின் விலை 20 சதவீதம்தான் இறங்கியிருக்கிறது. உங்கள் 250ம் 200ம் போட்ட அதே சண்டை, வேறு வேஷத்தில். இதைத் தலைகீழாகப் போட்டால் சோப்புத்தூள் பாக்கெட். ஒரு கிலோ இருந்த பாக்கெட் சத்தமில்லாமல் 900 கிராம் ஆகிறது, விலை மாறவில்லை. அளவு 10 சதவீதம் குறைந்தது. ஆனால் ஒரு கிராமுக்கு நாம் கொடுப்பது 11.1 சதவீதம் கூடிவிட்டது.

வேகமும் நேரமும் இதே கதைதான். மணிக்கு 60 கிலோமீட்டர் போன வண்டி 75இல் போனால் வேகம் 25 சதவீதம் அதிகம். 60 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது 48 நிமிடமாகிறது. நேரம் 20 சதவீதம்தான் மிச்சம்.

இப்போது நம் மொழியில் உள்ள ஒரு சின்னக் கண்ணி. 'செலவு 20 சதவீதம் குறைந்தது', 'செலவு 20 சதவீதமாகக் குறைந்தது'. நடுவில் ஒரு 'ஆக'தான் வித்தியாசம். முதலாவதில் 80 மிஞ்சியிருக்கிறது. இரண்டாவதில் 20தான் மிஞ்சியிருக்கிறது, போனது 80. செய்தியை அவசரமாக வாசிக்கும்போது அந்த 'ஆக' கண்ணில் படாது, எழுதுகிறவர்களும் சில நேரம் அதை விழுங்கிவிடுகிறார்கள். 'மூன்று மடங்கு குறைந்தது' என்பதும் எனக்குப் பிடிக்காத பேச்சு. மடங்கு என்பது பெருகுவதற்கான சொல். 'மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது' என்றால் 66.7 சதவீதம் போயிற்று என்று யாருக்கும் சந்தேகம் வராது. அதே மாதிரி, மின்சாரம், எடை, மக்கள்தொகை போல பூச்சியத்துக்குக் கீழே போக முடியாத எதுவும் 100 சதவீதத்துக்கு மேல் குறைய முடியாது. 150 சதவீதம் குறைந்தது என்று யாராவது எழுதினால் அவர் புது அளவால் வகுத்திருக்கிறார் என்று சந்தேகப்படுங்கள். 250இலிருந்து 100க்கு இறங்கியதை அப்படித்தான் 150 என்று ஆக்க முடியும். உண்மையில் அது 60.

அளக்கப்படும் பொருளே ஏற்கெனவே சதவீதமாக இருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். கடன் வட்டி 8 சதவீதத்திலிருந்து 6 சதவீதத்துக்கு வந்தால் எவ்வளவு குறைந்தது? 2 சதவீதம் என்பார் ஒருவர், 25 சதவீதம் என்பார் இன்னொருவர். இருவரையும் அடக்க ஒரு சொல் இருக்கிறது: சதவீதப் புள்ளி. வட்டி விகிதம் 2 சதவீதப் புள்ளி இறங்கியது. அதே அசலுக்கு ஓர் ஆண்டில் கட்டும் வட்டி 25 சதவீதம் குறைந்தது. போன் பேட்டரி 80இலிருந்து 60க்கு இறங்குவதும் இப்படித்தான். முழு பேட்டரியில் 20 புள்ளி போயிற்று, கையில் இருந்ததில் கால்வாசி போயிற்று. யாராவது தன் வேலையைப் பெரிதாகக் காட்ட வேண்டுமென்றால் 25ஐச் சொல்வார். சின்னதாகக் காட்ட வேண்டுமென்றால் 2ஐச் சொல்வார். இரண்டும் பொய் இல்லை என்பதுதான் சங்கடம்.

மருந்து விளம்பரங்களில் இந்தச் சங்கடம் ஆபத்தாகவே மாறும். ஒரு நோய் 10,000 பேரில் 2 பேருக்கு வரும், மருந்து சாப்பிட்டால் 1 பேருக்கு வரும் என்று வையுங்கள். 'நோய் அபாயம் 50 சதவீதம் குறைகிறது' என்பது கணக்குப்படி உண்மை. 10,000 பேர் சாப்பிட்டால் ஒருவர் தப்புகிறார் என்பதும் அதே உண்மைதான். இரண்டாவது வாக்கியத்தைக் கேட்ட பிறகு முடிவெடுப்பது நல்லது. பழைய அளவு எவ்வளவு என்று சொல்லாமல் குறைவின் சதவீதத்தை மட்டும் சொல்கிறவரிடம் நான் எப்போதும் பழைய அளவைக் கேட்டு வாங்குவேன்.

ஆனால் சதவீதமே சரியான அளவாக இருக்கும் இடங்களும் உண்டு. 4 கிலோ எடை குறைந்தது என்றால் 80 கிலோ ஆளுக்கு அது 5 சதவீதம், 50 கிலோ ஆளுக்கு 8 சதவீதம். மருத்துவர்கள் கிலோவை விட சதவீதத்தைக் கவனிப்பது இதனால்தான். முயற்சி எதுவும் செய்யாமலே 6 முதல் 12 மாதத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் எடை இறங்கினால் காரணத்தைத் தேட வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் பொதுவான அளவுகோல்.

உங்கள் மகளுக்கு ஒரு புதிர் தருகிறேன், பழைய புதிர்தான். 100 கிலோ உருளைக்கிழங்கு, அதில் 99 சதவீதம் தண்ணீர். வெயிலில் காய்ந்து தண்ணீர் 98 சதவீதமாகிறது. இப்போது எடை என்ன? எல்லோரும் 99 கிலோ என்பார்கள். விடை 50 கிலோ! தொடக்கத்தில் தண்ணீர் அல்லாத பகுதி 1 கிலோ. காய்ந்த பிறகும் அதே 1 கிலோதான், ஆனால் அது இப்போது மொத்தத்தில் 2 சதவீதம். எதில் 1 கிலோ 2 சதவீதம்? 50இல். ஒரே ஒரு சதவீதப் புள்ளி மாற்றத்துக்குள் 50 சதவீத எடைக் குறைவு ஒளிந்திருக்கிறது. முதல் தடவை கேட்டபோது நானும் 99 என்றுதான் சொன்னேன்.

சதவீதமே போடக் கூடாத இடமும் ஒன்று உண்டு: செல்சியஸ் வெப்பநிலை. நேற்று 30 டிகிரி, இன்று 15 டிகிரி, வெப்பம் 50 சதவீதம் குறைந்தது என்று சொல்லத் தோன்றும். செல்சியஸின் பூச்சியம் தண்ணீர் உறையும் இடத்தில் நாமாக வைத்துக்கொண்ட குறி. வெப்பமே இல்லாத நிலை அல்ல. அதே இரண்டு நாளையும் பாரன்ஹீட்டில் எழுதினால் 86, 59. குறைவு 31 சதவீதம் சொச்சம். கெல்வினில் எழுதினால் 5 சதவீதத்துக்கும் கீழே. அளவுகோலை மாற்றினால் விடை மாறுகிற கணக்கு கணக்கே அல்ல. '15 டிகிரி குறைந்தது' என்று சொல்லிவிட்டுப் போவதே மேல்.

மனக்கணக்குக்கு அதிகம் சொல்லப் போவதில்லை. 10 சதவீதத்துக்குப் புள்ளியை ஓர் இடம் நகர்த்துங்கள், அதில் பாதி 5, இரண்டையும் கூட்டினால் 15. பழைய தமிழ் வாய்பாட்டில் இருபதில் ஒன்றுக்கு 'மா' என்று பெயர், அதுதான் நம் 5 சதவீதம். அப்படிப் பார்த்தால் நீங்கள் குறைத்தது நாலுமா. இன்னொரு சின்ன வசதி: 50இல் 36 சதவீதமும் 36இல் 50 சதவீதமும் ஒன்றுதான், 18. எது சுலபமோ அந்தப் பக்கமாகப் போடலாம்.

இனி உங்கள் மின்சாரம். பாராட்டுவதற்கு முன் ஒரு சந்தேகம் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். போன மாதத்துக்கு எத்தனை நாள், இந்த மாதத்துக்கு எத்தனை நாள்? 31 நாள் ஜனவரியை 28 நாள் பிப்ரவரியோடு ஒப்பிட்டால், நீங்கள் ஒரு விளக்கைக்கூட அணைக்காமலே 9.7 சதவீதம் குறைந்துவிடும். நாள் ஒன்றுக்கு எத்தனை யூனிட் என்று வகுத்துவிட்டு ஒப்பிடுங்கள். பருவமும் மாறுவதால், போன வருடம் இதே மாதம் எவ்வளவு என்று பார்ப்பது இன்னும் நேர்மையான ஒப்பீடு.

அதெல்லாம் சரியாக இருக்கிறது, மாதம் 20 சதவீதம் குறைப்பதாகவே வைத்துக்கொள்வோம். அடுத்த மாதம் 200இல் 20 சதவீதம், அதாவது 40 யூனிட் குறைந்து 160. இந்த முறை போல 50 அல்ல. அதற்கடுத்த மாதம் 160இல் 32 குறைந்து 128. உங்கள் இலக்கு 125. மூன்று யூனிட் மிச்சமிருக்கிறது. 250இலிருந்து மொத்தம் 48.8 சதவீதம்தான் குறைந்திருக்கும். பாதிக்கு வந்தாயிற்று என்று அந்த மாதம் நீங்கள் அறிவித்தால் மகள் ஒத்துக்கொள்ள மாட்டாள். அதற்கும் அடுத்த மாதம் 102.4. அன்றைக்குச் சொல்லுங்கள்.